கசிவில்லாத வீடு

வேலைக்கு வருகிறவர்களுக்கு நாற்காலி போடக் கூடாது என்பது என் கொள்கை. உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். ஆனால் ஏசி மெக்கானிக் வந்த அன்று நானே நாற்காலி எடுத்துப் போட்டேன். அவருடைய உடம்பு அப்படி. அவர் ஏணியில் கால் வைத்தபோது எனக்கு ஏணியின் மேல்தான் இரக்கம் வந்தது.

நிதானமாகச் சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு நிதானம் தவிர வேறு விதமாகப் பேசத் தெரியாது. என் மனைவியிடமும் அந்த மெக்கானிக்கிடமும் ஏற்கெனவே கேட்டு எழுதிவிட்டீர்கள். இருவரும் அழுதுகொண்டே சொல்லியிருப்பார்கள். அழுகிறவர்கள் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் சொல்வார்கள். நான் வரிசையாகச் சொல்கிறேன். ஸ்வெட்டரைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். அதை முதலிலேயே சொன்னால் உங்களுக்குத் தப்பாகப் புரியும்.

நான் குடிநீர்த் துறையில் இருந்தேன். கசிவு பார்ப்பது என் வேலை. தெருவுக்கு அடியில் போகிற குழாய் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று தெருவையே தோண்டிப் பார்க்க முடியாது. அதற்கு ஒரு இரும்புக் கம்பி உண்டு, ஆள் உயரத்துக்கு. ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் இருக்கும் மரக் குமிழைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். நல்ல குழாய் ஒரு மாதிரி பேசும், ஓட்டைக் குழாய் வேறு மாதிரி பேசும். நான் காட்டிய இடத்தில் தோண்டி ஈரம் வராமல் போனதில்லை. ஓய்வு பெற்றபோது கைக்கடிகாரம் கொடுத்தார்கள். அதை வருங்கால மாப்பிள்ளைக்கென்று பெட்டியில் வைத்துவிட்டு, அந்தக் கம்பியைக் கேட்டு வாங்கி வந்தேன். நீங்கள் எடுத்துக்கொண்டு வந்து இந்த ஸ்டேஷன் மூலையில் சாத்தி வைத்திருக்கிறீர்களே, அதுதான். குமிழில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, மகள். மகளை வீட்டில் குருவி என்று கூப்பிடுவோம். மகன் வெளிநாட்டில் வேலையாக இருக்கிறான். தெருவில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார்கள்.

அறைக்கு ஒரு பெட்டி மாட்டுகிற ஏசி எனக்குப் பிடிக்காது. சுவரெல்லாம் ஓட்டை. அதனால் ஒரே பெட்டியாக நடைக்கூடத்து மேற்கூரைக்குள் மறைவாக வைத்து, அதிலிருந்து டக்ட் என்கிற காற்றுக் குழாய்களைப் பிரித்து அறைகளுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஹாலுக்கு ஒன்று, படுக்கையறைகளுக்கு ஒவ்வொன்று. இன்னொன்று நடைக்கூடத்துக் கடைசியில், பெரிய அலமாரிக்குப் பின்னால் இருக்கிற சாமான் அறைக்கு.

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அலமாரியைப் பார்த்தார்.

"சாமான் அறைக்கு எதுக்குங்கய்யா ஏசி?"

"உள்ள புத்தகம் இருக்கு. சூட்டுல கெட்டுப் போகுது."

"புத்தகத்துக்கு ஏசியா? கொடுத்து வச்ச புத்தகம். அடுத்த பிறவியில நான் டிக்‌ஷனரியாப் பொறந்துடறேன்."

"வேலையைப் பாருங்க."

"சரி, அலமாரிய நகர்த்துங்க. உள்ள போயி காத்து வர்ற கிரில் மாட்டணும்."

"அதை நான் மாட்டிக்கறேன். நீங்க மேலேருந்து டக்டை இறக்கி விட்டாப் போதும்."

அவர் ஒரு மாதிரிப் பார்த்தார். ஆனால் தோளைக் குலுக்கிவிட்டு ஏறினார். சத்தமாகப் பேசுகிறவர்களுக்குக் கவனம் குறைவு. இது என் அனுபவம்.

பெட்டியை நாலு கம்பியில் தொங்கவிட்டார். தண்ணீர் வடிவதற்காக அதை ஒரு பக்கம் இம்மியளவு சாய்க்க வேண்டும் என்று ரசமட்டம் வைத்துப் பார்த்தார். செம்புக் குழாயை வளைத்து, முனையை விரித்து, நட்டு போட்டு முறுக்கினார். அதிலெல்லாம் குறையில்லை. ஆனால் கசிவு பார்க்கிற இடத்தில்தான் அவருக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. நைட்ரஜன் ஏற்றினார், மூட்டுகளில் சோப்பு நுரையைத் தூரிகையால் தடவினார், குமிழி வரவில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். நான் கம்பியை எடுத்து வந்தேன்.

"என்னங்கய்யா இது, ஈட்டியா?"

கம்பியின் முனையைக் குழாயில் வைத்துக் கேட்டுக்கொண்டே போனேன். பெட்டிக்குப் பின்புறம் இருந்த நட்டில் ஊசி முனையளவு சீறல். அங்கே அவருடைய தூரிகை எட்டவில்லை. சொன்னேன். அவர் நம்பவில்லை. கண்ணாடி பிடித்து நுரை தடவிப் பார்த்தார். கடுகு மாதிரி ஒரு குமிழி வந்து உட்கார்ந்தது.

"ஐயா, உங்களுக்கு இருக்கறது காதா, இல்ல வேற ஏதாவதா?"

என் காதுக்குத் தப்பிய கசிவு கிடையாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நீங்களே இதைச் சொல்லி என்னைக் கேட்கப் போகிறீர்கள். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்த நட்டை இறுக்க வைத்து, அழுத்தத்தை இரவு முழுவதும் அப்படியே விட்டு, மீட்டர் கண்ணாடியில் முள் நின்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டேன். காலையில் முள் கோட்டின் மேலேயே நின்றது. அதன் பிறகு டக்ட் பார்க்க வேண்டும். எல்லா கிரிலையும் பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடி, ப்ளோவரைப் போட்டு, இணைப்புகள் அருகே புகை காட்டினால் ஒழுகுகிற இடத்தில் புகை கலையும். மெக்கானிக் அதற்கு சிகரெட் பற்ற வைத்தார். தொழிலுக்காகத்தான் இந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருப்பதாகச் சொன்னார். கடைசி இணைப்பில் முகத்தை வைத்திருந்தவர் திடீரென்று நின்றார்.

"ஐயா, உள்ள யாரோ இருமுறாங்க."

"குழாய்ல காத்துப் போற சத்தம்."

"நானும் எவ்வளவோ குழாயப் பாத்துட்டேன். எதுவும் இருமினதில்ல."

"பழைய வீடு."

"வீட்டுக்கே இருமலா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். நான் சிரித்ததை என் மனைவி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு பார்வையை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த அறையில் என் மகன் இருந்தான்.

இதை நீங்கள் வேறு மாதிரி எழுதிவிடக் கூடாது. அவன் நன்றாகப் படித்தவன். படிப்பு முடிகிற நேரத்தில் மனம் கலைந்துவிட்டது. யாரையும் அடிக்க மாட்டான், திட்ட மாட்டான். எதையாவது பேசிக்கொண்டே இருப்பான், அவ்வளவுதான். வெளியூரில் ஒரு மருத்துவரிடம் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மாத்திரை சாப்பிட்டால் அமைதியாக இருப்பான். நாங்கள் தலைநிமிர்ந்து நடக்கிற குடும்பம். என் தகப்பனார் காலத்திலிருந்து எங்கள் வீட்டைப் பற்றி யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேசியதில்லை. சொன்ன சொல் தவற மாட்டார்கள் என்று பெயர். பொருளைத் தொலைத்தால் தேடலாம், பெயரைத் தொலைத்தால் எங்கே போய்த் தேடுவது?

குருவிக்கு முதலில் ஒரு இடம் வந்தது. நல்ல இடம். அவர்கள் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது இவன் தலை ஈரத்தோடு பனியன் போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தான். மிகவும் மரியாதையாகக் கை கூப்பினான். "பாத்துப் பேசுங்க, இந்த வீட்டுக் குழாயெல்லாம் ஒட்டுக் கேக்கும்" என்றான். ஒரு விதத்தில் என் தொழிலைத்தான் சொன்னான். அவர்களுக்கு அது தெரியுமா? தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். அதன் பிறகு ஒருவரும் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. குருவி கண்ணாடி பார்ப்பதை நிறுத்திவிட்டாள். வெளியே போனால் எனக்கு முதுகில் கண் குத்துகிற மாதிரி இருக்கும். நான் கடைக்குப் போவதற்குக்கூடச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தேன். உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு மூச்சு முட்டியது.

அதனால் அவனை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். பட்டப்பகலில், தெரு முழுக்கப் பார்க்க, பெட்டியைக் காரில் ஏற்றி, அவனையும் ஏற்றிப் புறப்பட்டேன். எதிர்வீட்டு அம்மாள் ஓடி வந்து, தானே பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர் ஒன்றைக் கையில் கொடுத்தாள். "அங்க குளிருமாமே, உடம்பப் பாத்துக்கப்பா" என்றாள். அவன் அதை முகர்ந்து பார்த்துச் சிரித்தான். இருட்டிய பிறகு பின்வாசல் வழியாக அவனைத் திரும்பக் கூட்டி வந்தேன். சாமான் அறையில் இருந்த சிறிய காற்றோட்டத் துளையை ஏற்கெனவே செங்கல் வைத்து அடைத்திருந்தேன். கதவுக்கு முன்னால் அலமாரி. அலமாரியின் பின்பலகையைக் கழற்றிவிட்டால் உள்ளே போய் வரலாம். சாவி என்னிடம். அதை வாங்கிக்கொண்டு அவன் அம்மா சாப்பாடு கொண்டுபோவாள், மற்றதெல்லாம் இரவில் நான் பார்த்துக்கொள்வேன். கொஞ்ச நாளைக்குத்தான் என்று சொல்லியிருந்தேன். குருவி கல்யாணம் முடிகிறவரைக்கும். அவன் சரி என்றான். கட்டிப்போட்டேனா என்று கேட்டீர்கள். எதற்குக் கட்ட வேண்டும்? அவன் சரி என்றான்.

பிறகு கோடை வந்தது. அந்த அறைக்கு மேலே மொட்டைக் கூரை, மேற்கே வெயில் அடிக்கிற சுவர். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சரியாக வியர்க்காது, உடம்புச் சூடு வெளியே போகாது, சூடு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். நான் அலட்சியமான தகப்பன் இல்லை. அதற்காகத்தான் ஏசியே போட்டேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளவில்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் குளிர்காற்று உள்ளே வந்ததும் அவன் அந்த ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டான். கிரிலுக்குக் கீழே நின்று முகத்தை நிமிர்த்தினான்.

"அப்பா, நெஜமாவே வெளிநாட்டுக்கு வந்துட்ட மாதிரி இருக்கு."

அப்போது எனக்குக் கண் கலங்கியது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. நாற்பது வருடம் குழாயில் சத்தம் கேட்டே பிழைத்தவன், இதை யோசித்திருக்க வேண்டும். ஒரே பெட்டியிலிருந்து பிரிகிற குழாய்கள், காற்றை மட்டும் கொண்டு போவதில்லை. ஒரு நாள் மத்தியானம் ஹாலில் உட்கார்ந்து குளிரை அனுபவித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல், கிரிலிலிருந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி குரல் வந்தது.

"குருவி. குருவி. தண்ணி கொண்டு வா."

குருவி என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் நிமிர்ந்து கிரிலைப் பார்த்தாள். எழுந்து என்னிடம் சாவி வாங்கித் தண்ணீர் கொண்டுபோனாள்.

அதே வாரத்தில்தான் இரண்டாவது இடம் வந்தது. அவர்களுக்கு எங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது, தூரத்து ஊர். என் பையன் வெளிநாட்டில் இருப்பது அவர்களுக்கு ஒரு கௌரவமாகக்கூடப் பட்டது. பேசி முடிக்க நேரில் வருகிறோம் என்றார்கள். இது கை நழுவினால் குருவிக்கு இன்னொன்று வராது. அவள் முகத்தைப் பார்த்தாலே அது தெரியும். ராத்திரி என் மனைவி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, யாருக்காக வேண்டுகிறோம் என்றே தெரியாமல் வேண்டிக்கொண்டிருப்பாள். நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். சாமான் அறைக்குப் போகிற டக்டை மட்டும் தனியாக அடைக்க ஒரு வழி வேண்டும் என்றேன்.

"டாம்பர் போட்டுடலாம். உள்ள ஒரு தகடு, வெளிய ஒரு கைப்பிடி. திருப்பினா மூடிக்கும். ஆனா மூடிட்டா அந்த அறைக்குச் சுத்தமாக் காத்து போகாதுங்கய்யா. அங்க கூரையில அடிக்கற வெயிலுக்கு அடுப்பு மாதிரி ஆயிடும்." பிறகு அவரே சொன்னார்: "புத்தகந்தானே, பரவாயில்ல."

"பரவாயில்ல" என்றேன்.

"கதவுக்குக் கீழ இடுக்கு இருக்கில்ல? அத அடைச்சிடாதீங்க. உள்ள போற காத்து வெளிய வர வழி வேணும்."

மேற்கூரையில் ஒரு சின்னத் திறப்பு வைத்துக் கொடுத்தார். அதன் வழியாக என் கம்பியை விட்டால் கைப்பிடி எட்டும். ஒரு தள்ளு தள்ளினால் மூடும், ஒரு இழு இழுத்தால் திறக்கும். மூடிப் பார்த்து, கம்பியை வைத்துக் கேட்டேன். ஹாலுக்கு ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. அவருடைய வேலையில் நான் திருப்திப்பட்டது அதில்தான். ஒரு வாரம் கழித்து வந்து ஒருமுறை எல்லாவற்றையும் சரிபார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் வருகிற அன்று காலையில் அவனிடம் சொன்னேன். இன்றைக்குப் பெரியவர்கள் வருகிறார்கள், கொஞ்ச நேரம் குளிர் இருக்காது, சத்தம் போடக் கூடாது. எவ்வளவு நேரம் என்று கேட்டான். மத்தியானத்துக்குள் போய்விடுவார்கள் என்றேன். தண்ணீர் வைத்தேன். மாத்திரையும் கொடுத்தேன். வழக்கமாகக் கொடுப்பதைவிடக் கூடுதலாக. அவன் தூங்கட்டும் என்று. வெளியே வந்து பூட்டி, ஒரு பழைய போர்வையை மடித்துக் கதவிடுக்கில் திணித்து, பலகையைப் பொருத்தி, டாம்பரை மூடினேன்.

மாப்பிள்ளையோடு அவர்கள் வந்தார்கள். சம்பந்தி நல்ல மனிதர். வாய் நிறையப் பேசுவார். சாமான் அறைக்குப் போகிற காற்றும் சேர்ந்து வந்ததால் ஹால் அன்று வழக்கத்தைவிடக் குளிர்ந்திருந்தது. வெளியே தார் உருகுகிற வெயில். அவர் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினார்.

"சம்பந்தி, இந்தக் குளிர விட்டுட்டு வெயில்ல இறங்க மனசே வரல. பொண்ணத் தரேன்னுட்டீங்க, அப்படியே இந்த ஹாலையும் சேத்துக் கட்டி அனுப்பிடுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். குருவிகூடச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

"உங்க பையன் கல்யாணத்துக்கு வருவாரில்ல?" என்று சம்பந்தியம்மாள் கேட்டாள்.

"வருவான். லீவு கேட்டிருக்கான்."

"அங்க நல்ல குளிராமே?"

"ஆமா. நல்ல குளிர்."

என் மனைவி தட்டோடு நடைக்கூடத்துப் பக்கம் திரும்பினாள். நான் அவளைப் பார்த்தேன். அப்படியே நின்றாள்.

மத்தியானத்துக்குள் போவதாக இருந்தவர்கள், சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்றார்கள். சாப்பிட்ட பிறகு, வெயில் தாழட்டும் என்றார்கள். என்ன சொல்ல முடியும்? வீட்டுக்கு வந்தவர்களை எழுந்து போங்கள் என்று சொல்கிற குடும்பமா எங்களுடையது? நான் கை கழுவுகிற சாக்கில் நடைக்கூடத்துக்குப் போய், அலமாரிக்குப் பக்கத்துச் சுவரில் கம்பியை வைத்துக் கேட்டேன். ஆமாம், கேட்டேன். தட்டிக்கொண்டிருந்தான். கையால் இல்லை, விரல் முட்டியால். மெதுவாக, யாருக்கும் தொந்தரவு இல்லாத மாதிரி. இடையில் ஏதோ சொன்னான். என்ன சொன்னான் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சமையலறையில் என் மனைவி கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க."

"அவங்க கிளம்பட்டும்."

"ஒரு நிமிஷங்க. கதவ மட்டும் லேசாத் திறந்து விட்டுட்டு வந்துடறேன். உங்க கால்ல வேணா விழறேன்."

"தட்ட எடு. டீ ஆறுது."

அவள் தட்டை எடுத்தாள். எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் சொல்லைத் தட்டியதில்லை. அன்றும் தட்டவில்லை. இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

பிறகு குருவி நடைக்கூடத்துக்கு வந்தாள். புடவையெல்லாம் கட்டி, பெரிய பெண்ணாக.

"அப்பா, அண்ணன் தட்டறான்."

"உனக்குக் கேக்குதா?"

"எனக்கு எப்பவும் கேக்கும்ப்பா."

"அவங்களுக்குக் கேக்குதா?"

அவள் ஹால் பக்கம் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்ல."

"அப்ப போய் உக்காரு."

போய் உட்கார்ந்தாள். நல்ல பெண்.

சம்பந்தி கிரிலுக்குக் கீழே தூங்கிப்போனார். குறட்டைகூட விட்டார். நான் எதிரில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான மத்தியானம் வந்ததில்லை. சட்டைக்குள் வியர்த்துக்கொண்டே இருந்தது, அந்தக் குளிரிலும். அவ்வப்போது எழுந்து போய்க் கேட்டேன். தட்டுவது இடைவெளி விட்டு வந்தது. பிறகு தட்டவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. நாய் வெயிலில் ஓடி வந்து நிற்கிற மாதிரி. அதன் பிறகு அதுவும் மெல்லியதாகிவிட்டது.

சத்தம் நின்ற பிறகாவது டாம்பரைத் திறந்திருக்கலாமே, கம்பி கையில்தானே இருந்தது என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அந்த நேரத்தில் எனக்கு வந்த நினைப்பை மறைக்காமல் சொல்கிறேன். இப்போது குளிர் விட்டால் விழித்துக்கொள்வான் என்று நினைத்தேன். விழித்தால் பேசுவான். பேசினால் நேராகச் சம்பந்தியின் தலைக்கு மேல் கேட்கும். தூங்குகிறான், தூங்கட்டும் என்று நினைத்தேன்.

எங்கள் வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு ஒன்று சொல்லிக் கொடுப்போம். கம்பியில் சத்தமே இல்லையென்றால் இரண்டில் ஒன்று. குழாய் நன்றாக இருக்கிறது, அல்லது குழாயில் தண்ணீரே இல்லை. எது என்று சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது. திறந்து பார்த்தால்தான் தெரியும். நான் குழாய் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

வெயில் தாழ்ந்த பிறகு கிளம்பினார்கள். எல்லாம் பேசி முடிவாகியிருந்தது. சம்பந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படிப்பட்ட அமைதியான வீட்டை நான் பார்த்ததே இல்லை என்றார். தெருமுனை திரும்புகிறவரை வாசலில் நின்று அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். முதலில் டாம்பரைத் திறந்தேன். பிறகு அலமாரிப் பலகையை எடுத்தேன். என் மனைவி என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கதவிடுக்கிலிருந்து போர்வையை உருவியபோது உள்ளேயிருந்து சூடு காலில் அடித்தது. அவன் கதவை ஒட்டித் தரையில் படுத்திருந்தான், முகத்தை இடுக்குப் பக்கம் வைத்து. மேலே குளிர்காற்று வந்துகொண்டிருந்தது. அவன் முடி அதில் அசைந்தது.

உடனே ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்கிறீர்கள். கூப்பிட்டால் தெரு கூடும். அன்றைக்குத்தான் பேசி முடித்திருக்கிறது. யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. கதவைப் பூட்டினேன். ஏசியை அணைக்கவில்லை.

மறுநாள் காலை எதிர்வீட்டு அம்மாளிடம் வாசலில் நின்று குருவிக்கு இடம் முடிந்த செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பையனுக்குச் சொல்லிட்டீங்களா என்று அவள் கேட்டாள். அவனுக்குத்தான் முதலில் தெரியும் என்றேன். அந்த நேரத்தில் மெக்கானிக் சொன்னபடி வந்து சேர்ந்தார். சரிபார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாரே. அவர் உள்ளே போனார். நான் பேச்சை முடித்துக்கொண்டு திரும்புவதற்குள் என் மனைவி அவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறாள். "தம்பி, அந்தக் கதவ உடைங்க, உள்ள எம்புள்ள இருக்கான்." ஸ்பேனர் பலகையில் விழுகிற சத்தம் தெருவரை கேட்டது. நான் நடைக்கூடத்துக்கு வந்தபோது அந்தப் பெரிய உடம்பு கதவருகே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தது.

"புத்தகம்னு சொன்னீங்களேய்யா" என்றார்.

குருவி இதுவரை என்னைப் பார்க்க வரவில்லை. கல்யாண வேலை இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பையன் வெளிநாட்டிலேயே இறந்துவிட்டான் என்று சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இனி ஸ்வெட்டர். அவன் வாயில் ஸ்வெட்டரின் கை திணித்திருந்தது, பல் பதிந்திருந்தது, அதை நான்தான் திணித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒன்றை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றதெல்லாம் நான் செய்தது. கதவைப் பூட்டியது நான், இடுக்கை அடைத்தது நான், காற்றை நிறுத்தியது நான், அவன் சாவதைச் சுவரில் காது வைத்துக் கேட்டது நான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தத் துணியை அவனே வைத்துக்கொண்டான்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், கம்பியில் கேட்டேன். தட்டுவதற்கு நடுவில் அவன் சொன்னது இதுதான்: "அப்பா, காத்து மட்டும் விடுங்கப்பா. சத்தம் போட மாட்டேன்."

அதன் பிறகு அவன் சத்தம் போடவில்லை. எங்கள் குடும்பத்தில் சொன்ன சொல்லை யாரும் தவறியதில்லை.